காதில் விழாத சத்தம்

7

சென்னியப்பன் பொய் சொல்கிறார் என்பது காளிதாஸுக்குப் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. எது பொய் என்பதுதான் பிடிபடவில்லை.

ஐம்பத்தைந்து வயதுக்காரர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. ஆட்டையாம்பட்டிக்கு மேற்கே ஊஞ்சக்காட்டில் பன்னிரண்டு ஏக்கர் தோட்டம். விசாரிக்க வந்த மஞ்சுளாவுக்கும் காளிதாஸுக்கும் வேப்பமரத்தடியில் கட்டில் எடுத்துப் போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்து, கேட்ட கேள்விக்கெல்லாம் தயங்காமல் பதில் சொன்னார். ஆடி மாதக் காற்று தென்னை மட்டைகளைப் பிய்த்துக்கொண்டிருந்தது. பேச்சின் நடுவே இரண்டு தடவை அவர் சட்டென்று நிறுத்தி, கிணற்றை ஒட்டியிருந்த மோட்டார் ரூம் பக்கம் தலையைச் சாய்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினார்.

அவர் சொன்னது இதுதான். தம்பி தமிழரசு திங்கட்கிழமை விடிகாலை ஐந்து மணிக்கு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஏறி ஹுப்ளிக்குப் போய்விட்டான். போர் போடப் போகிறவர்கள் மாதக்கணக்கில் திரும்பாமல் இருப்பது இந்தப் பக்கம் புதிதல்ல. போன இடத்தில் சிக்னல் இருக்காது. அன்று பகல் பதினொரு மணிக்கு அவர் தோட்டத்துக் கிணற்றை ஆழப்படுத்த அடியில் வெடி வைத்தார். தொண்ணூறு அடிக் கிணறு நூறு அடியாகிவிட்டது. அவ்வளவுதான்.

தமிழரசின் மனைவி, இவர்களை வரவழைத்த பிரவீனா, சொன்னது வேறு. கணவர் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சாப்பிட்டு முடித்து, அண்ணன் தோட்டம் வரைக்கும் போய்ட்டு வாரேன் என்று சொல்லி நடந்து போனார். இன்று வியாழன். இன்னும் வரவில்லை. தோட்டத்தின் கீழ்க்கோடியில் கல் குவாரிக்கு நிலம் கொடுக்க அண்ணனுக்கு ஆசை. பட்டா இருவர் பேரிலும் இருப்பதால் தம்பியும் கையெழுத்துப் போட வேண்டும். தமிழரசு முடியாது என்று சொல்லி ஆறு மாதமாகிறது.

இரண்டு வாய்ச்சொல். நடுவே ஐந்து மணி நேரம். யாரை நம்புவது?

மஞ்சுளா இளநீர்க் கூட்டை ஓரமாக வைத்துவிட்டு, கிணற்றைக் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாமா என்று கேட்டாள். பதினெட்டு வருடம் போலீஸில் இருந்துவிட்டு வேலையை விட்டவள் அவள். இப்போது சேலம் ஐந்து ரோட்டில் ஒரு மருந்துக்கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். எவ்வளவு பெரிய கேள்வியையும் தண்ணீர் கேட்கிற குரலில் கேட்பது அவள் பழக்கம்.

கிணற்றைச் சுற்றிக் கருவேல முள் வெட்டிப் போட்டு அடைத்திருந்தது.

"ஓரமெல்லாம் இன்னும் ஆடுதுங்க," என்றார் சென்னியப்பன். "மூணு மணிக்கு இன்னொரு வெடி இருக்குது. அது முடிஞ்சப்புறம் வந்து நல்லாப் பாத்துட்டுப் போங்க."

தடத்துக்கு வந்ததும் காளிதாஸ் திரும்பிப் பார்த்தான். அவன் எடப்பாடிக்காரன். எட்டு வருடம் ரிக் ஓட்டி, பூமிக்குள் ஆயிரம் அடி துளை போட்டுப் பழகியவன். மூன்று வருடமாக மஞ்சுளாவிடம் உதவியாளன்.

"அக்கா, மோட்டார் ரூமுக்குப் புதுப் பூட்டு. துருப் பிடிச்ச தகரக் கதவுக்கு அந்தப் பூட்டு ரொம்ப ஜாஸ்திங்க. மாப்பிள்ளை எழுபது வயசு, மோதிரம் மட்டும் புதுசுங்கற மாதிரி."

மஞ்சுளா சிரிக்கவில்லை. வெடி எத்தனை மணிக்கு வெடித்தது என்பது அவளுக்குச் சரியாகத் தெரிய வேண்டும். தமிழரசு பத்து மணிக்கு இங்கே வந்தது உண்மையானால், வெடிக்கும் அவருக்கும் நடுவே எவ்வளவு நேரம் இருந்தது?

தன் வீட்டு வாசலில் காத்திருந்த பிரவீனாவிடம் கேட்டார்கள். பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் பத்தரை என்கிறார், இன்னொருவர் பதினொன்றரை என்கிறார் என்றாள் அவள். மூன்று நாள் தூங்காத கண்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு, கிழக்குப் பக்கத் தோட்டத்தைக் காட்டினாள்.

"அன்புச்செல்விய வேணாக் கேளுங்க. எரிமலைக்குப் படிச்ச பொண்ணு. அவ மெஷினு தரையில எலி ஓடுனாக்கூட எழுதி வெச்சுக்குது."

"எரிமலைக்குப் படிச்சவங்களுக்கு ஆட்டையாம்பட்டியில என்னங்க வேலை?" என்றான் காளிதாஸ். "சேலத்து வெயிலப் பாத்து ஏமாந்து வந்துட்டாங்களா?"

அன்புச்செல்விக்கு முப்பது வயதிருக்கும். வடக்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. அடுத்த மாதம் கப்பலேறி அந்தமான் கடலில் இருக்கிற எரிமலைத் தீவுக்குப் போகப் போகிறாள். கருவிகளைக் கடலில் கொண்டுபோய் வைப்பதற்கு முன்னால் அப்பாவின் தோட்டத்தில் வைத்து மூன்று வாரமாகச் சோதித்துப் பார்க்கிறாள். பழைய மாட்டுக் கொட்டகையில் ஒரு மேசை, இரண்டு லேப்டாப், தரை முழுக்க ஒயர். வெளியே வரப்போரம் மூன்று குழிகள். ஒவ்வொன்றிலும் பால் கேன் அளவில் ஓர் உருளை. அதுதான் தரை அதிர்வைக் கேட்கிற கருவி. பக்கத்திலேயே காற்றில் வரும் ஒலிக்கு மைக். அதைச் சுற்றி நான்கு திசைக்கும் துளை போட்ட கறுப்பு ரப்பர் குழாய் நெளிந்து கிடந்தது. காற்று அடிக்கிற இரைச்சலை வடிகட்டத்தான் அந்தக் குழாய் என்றாள்.

காளிதாஸ் அதைச் சொட்டு நீர்ப் பாசனம் என்று நினைத்துக் கால் வைக்கப் போய், திட்டு வாங்கினான். மைக்கிலிருந்து சத்தம் எதுவும் வரவில்லையே என்று அவன் கேட்டதற்கு, அது பிடிப்பது மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியை மட்டும்தான் என்று அவள் விளக்கினாள். இந்த மைக் செட்டை மாரியம்மன் நோம்பிக்குக் கட்டினால் ஊரே நிம்மதியாகத் தூங்கும் என்றான் அவன். அன்புச்செல்வி முதல் தடவையாகச் சிரித்தாள்.

பிறகு மஞ்சுளா விஷயத்தைச் சொன்னாள். சிரிப்பு நின்றது. தமிழரசு அண்ணனை அவளுக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும்.

திங்கட்கிழமைப் பதிவைத் திரையில் கொண்டுவந்தாள். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. மேலே இருப்பது தரை. கீழே இருப்பது காற்று.

"எரிமலை ரெண்டு வழியாப் பேசுமுங்க. தரை வழியா ஒண்ணு, காத்து வழியா ஒண்ணு. ரெண்டையும் சேத்துக் கேட்டாத்தான் உள்ள என்ன நடக்குதுன்னு தெரியும். ரெண்டும் பலமா வந்துச்சுன்னா வாய் தொறந்திருக்குதுன்னு அர்த்தம். தரை மட்டும் ஆடி, காத்துல ஒண்ணுமே வரலைன்னா வாய் அடைச்சிருக்குது. உள்ள என்னமோ இருக்குது. நாங்க பயப்படறது அந்த அமைதிக்குத்தானுங்க."

வெடி பதிவான நேரம் பத்து நாற்பத்தெட்டு. முதலில் தரை ஆடியிருந்தது. அரை நொடிக்குச் சற்றுக் கூடுதலாக இடைவெளி விட்டுக் காற்றில் ஒலி வந்திருந்தது. மின்னலுக்கும் இடிக்கும் உள்ள இடைவெளி மாதிரிதான் இது. தரையில் அதிர்வு பறக்கும், காற்றில் ஒலி நடக்கும். அந்த அரை நொடியைத் தூரமாக மாற்றினால் இருநூறு மீட்டர். சென்னியப்பன் கிணறு அங்கிருந்து சரியாக இருநூறு மீட்டர். தூரத்துக் குவாரி வெடி இல்லை, இந்தக் கிணறேதான்.

பதினொரு மணி என்று அவர் சொன்னதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. காளிதாஸுக்குச் சப்பென்று போய்விட்டது. வெயிலில் வந்ததற்கு இளநீர்தான் மிச்சம் என்று நினைத்துக்கொண்டான்.

மஞ்சுளா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"வாய் தொறந்தது, அடைச்சதுன்னு சொன்னியே கண்ணு. இந்த வெடி எப்படி?"

அன்புச்செல்வி இரண்டு கோடுகளையும் பெரிதாக்கினாள். நெற்றி சுருங்கியது. அடிப்பாறையில் ஆழமாக வைத்த வெடி என்றால் தரைதான் அதிகம் குலுங்க வேண்டும், காற்றில் வருவது கொஞ்சமாக இருக்க வேண்டும். இங்கே தலைகீழ். தரை லேசாகத்தான் ஆடியிருந்தது. காற்று அறைந்திருந்தது.

"இது அடியில வெச்சது இல்லீங்க. மேல, வாய்க்குப் பக்கத்துச் செவுத்துல வெச்சது."

"கெணத்த ஆழப்படுத்தற வெடிய யாருங்க மேல வெப்பாங்க?" என்றான் காளிதாஸ். "கால் நகம் வெட்ட உச்சந்தலையில கத்திரி வெச்ச கதையா இருக்குது."

மேல் சுவரில் வெடி வைத்தால் என்ன ஆகும் என்று ரிக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுவர் சரிந்து உள்ளே விழும்.

அன்புச்செல்வி ஏதோ நினைவு வந்தவள் போல இன்னொரு படத்தைத் தேடினாள். அந்தக் கிணற்றைத்தான் அவள் எரிமலை வாய்க்குப் பதிலாக வைத்துச் சோதித்துப் பார்க்கிறாள். காலி சோடா பாட்டில் வாயில் ஊதினால் ஒரு சுருதி வருகிறதல்லவா? ஆடிக் காற்று கிணற்று வாயை உரசிக்கொண்டு போகும்போதும் அப்படி ஒரு சுருதி வரும். அது காதுக்குக் கேட்காது. மைக்குக்குக் கேட்கும். பாட்டிலில் தண்ணீர் ஏற ஏறச் சுருதியும் ஏறும். எரிமலைக்குள்ளே குழம்பு மேலே வரும்போதும் அப்படித்தான். வெளிநாட்டில் படிக்கும்போது ஒரு மலையில் அவள் கண்ணால் பார்த்தது அது. இரண்டு நாளாகச் சுருதி ஏறிக்கொண்டே வந்தது. மலை பார்ப்பதற்குச் சாதுவாக நின்றது. அடிவாரத்து ஊரைக் காலி செய்யச் சொன்ன மறுநாள் பொங்கிவிட்டது.

"ரெண்டு வாரமா இந்தக் கெணறு நொடிக்கு மூணு துடிப்புலயே பாடிட்டு இருந்துச்சுங்க. ஒரு இம்மி மாறல. திங்கக்கெழமை வெடிக்கப்புறம் பாருங்க. நாலரை. மைக்குத்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு, ரெண்டு நாளா அதைக் கழட்டி மாட்டிட்டு இருக்கறேன்."

காளிதாஸ் விரலால் மேசைமேல் கணக்குப் போட்டான். தொண்ணூறு அடிக்கு மூன்று. நாலரை என்றால் அறுபது.

அவன் இன்னொரு தடவை போட்டுப் பார்த்தான். அப்போதும் அறுபதுதான் வந்தது.

நூறு அடியானதாகச் சொன்ன கிணறு அறுபது அடியாகக் கிடக்கிறது. முப்பது அடி உயரத்துக்குக் கல்லும் மண்ணும். அதை முள் போட்டு மறைத்து, இன்னும் அரை மணி நேரத்தில் இன்னொரு வெடி. மீதிச் சுவரும் சரிந்தால் பிறகு அங்கே கிணறு என்று ஒன்று இருந்ததாகவே இருக்காது.

கொட்டகைக்கு வெளியே புளியமரத்தடியில் பிரவீனா இவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். காளிதாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவளிடம் போய் யார் சொல்வது?

மஞ்சுளா இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்து நாலே வரியில் விஷயத்தைச் சொன்னாள். ஆட்டையாம்பட்டியிலிருந்து ஜீப் வர இருபது நிமிடமாகும் என்றார்கள். போனை வைத்துவிட்டு, வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள்.

"வெடிக்கப்புறம் தரையில வேற ஏதாச்சும் பதிவாகியிருக்குதா?"

அன்புச்செல்வி இல்லையென்று தலையாட்டினாள். பக்கத்து வளவில், அந்த வரிசை வீடுகளில், அறுபது விசைத்தறி ஓடுகிறது. ராப்பகலாக அதன் அதிர்வுதான் தரை முழுக்க. சின்னச் சத்தம் எதுவும் அதற்குள் தெரியாது. சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். நேற்றுப் புதன்கிழமை. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை ஊருக்கே கரண்ட் இல்லை. தறி எதுவும் ஓடவில்லை. அவள் கருவிகள் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தன.

அந்த ஐந்து மணி நேரத்தைத் திறந்தாள். தரைக் கோடு குளத்துத் தண்ணீர் போல அசையாமல் கிடந்தது. அதன்மேல் இங்கொன்றும் அங்கொன்றுமாக எறும்பு போலச் சின்னச் சின்னப் புள்ளிகள். பெரிதாக்கினாள்.

மூன்று கோடு. இடைவெளி. மூன்று கோடு. இடைவெளி. மூன்று கோடு.

"இதை நேத்தே பாத்தேனுங்க. யார் தோட்டத்துலயோ பம்பு ஓடுதுன்னு விட்டுட்டேன்."

"கரண்ட் இல்லாம எந்தப் பம்புங்க ஓடும்?" என்றான் காளிதாஸ்.

அவன் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. யாரும் அப்படி எடுத்துக்கொள்ளவும் இல்லை.

மூன்று குழிகளில் சென்னியப்பன் கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்த குழிதான் ஒவ்வொரு தட்டலையும் முதலில் கேட்டிருந்தது. அன்புச்செல்வியின் விரல் மெதுவாகக் கீழே இறங்கி, காற்றுக் கோட்டில் வந்து நின்றது. அங்கே எதுவுமே இல்லை.

"தரையில இருக்குது," என்றாள். "காத்துல இல்லீங்க."

வாய் அடைத்திருக்கிறது. உள்ளே என்னவோ இருக்கிறது.

கடைசித் தட்டல் நேற்று மதியம் ஒன்று ஐம்பதுக்கு. காலையில் நிமிடத்துக்கு ஒரு தடவை வந்தது, மதியத்தில் பத்து நிமிடத்துக்கு ஒன்றாகக் குறைந்திருந்தது. இரண்டு மணிக்குக் கரண்ட் வந்துவிட்டது. தறிகள் ஓடத் தொடங்கிவிட்டன. அதற்கப்புறம் உள்ளே தட்டினார்களா, நிறுத்திவிட்டார்களா, சொல்ல வழியில்லை.

மணி இரண்டு நாற்பத்திரண்டு.

மஞ்சுளா வாயைத் திறப்பதற்குள் காளிதாஸ் ஓடிக்கொண்டிருந்தான்.

மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காட்டுக்குள் புகுந்தான். ஆளுயரச் செடிகள் முகத்திலும் கையிலும் அடித்தன. செருப்பு ஒன்று எங்கோ கழன்றது. எதிரே சென்னியப்பன் தோட்டத்தில் சிவப்புத் துணி கட்டிய குச்சி காற்றில் துடித்தது. யாரோ நீட்டி முழக்கி, வெடி வைக்கப் போகிறோம், தள்ளிப் போங்க என்று நான்கு திசைக்கும் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மோட்டார் ரூமுக்குப் பின்னால் வெடிக்காரர் சென்றாயன் குத்துக்காலிட்டு, கிணற்றிலிருந்து வந்த ஒயரைக் கையில் பிடித்திருந்தார். பக்கத்தில் வெள்ளை வேட்டி.

நில் என்று கத்தினால் நிற்பார்களா? காளிதாஸ் யோசிக்கவில்லை. முள்வேலிமேல் விழுந்து, கிழித்துக்கொண்டு எழுந்து, கிணற்று விளிம்பில் போய்க் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தான். கீழே பார்த்தான். மேற்குச் சுவர் முழுசாக இல்லை. அடியில் கல்லும் மண்ணும் குவிந்து கிடந்தன. அறுபது அடி. கணக்கு இம்மி பிசகவில்லை.

சட்டைப் பையிலிருந்து பீடியை எடுத்து வாயில் வைத்தான். தீக்குச்சியை எடுத்தான்.

சென்றாயன் பதறி எழுந்தார். "யோவ், வெடி கட்டியிருக்குது. குச்சியக் கீழ போடு சாமி."

"நீங்க ஒயரக் கழட்டிக் கீழ போடுங்க. நானும் போடறனுங்க. ரெண்டு பேருத்துக்கும் ஊடு வாசல் இருக்குது."

சென்றாயன் ஒயரைப் பிரித்துத் தூர வைத்தார். சென்னியப்பனின் தலை மறுபடியும் மோட்டார் ரூம் பக்கம் சாய்ந்திருந்தது.

மூச்சிரைக்க மஞ்சுளா வந்து சேர்ந்தாள். பின்னாலேயே அன்புச்செல்வி. மஞ்சுளா சென்றாயனிடம் ஒரே கேள்விதான் கேட்டாள்: திங்கட்கிழமை வெடி வைத்தது நீங்களா? அவர் இல்லையென்றார். இன்றைக்குத்தான் கூப்பிட்டார்கள். சுவர் தானாகச் சரிந்துவிட்டது, மீதியையும் தள்ளிக் கிணற்றை மூடிவிடலாம் என்று சொன்னார்கள். முன்பு மிச்சமான வெடிமருந்து கொஞ்சம் சென்னியப்பனிடம் இருந்தது உண்மைதான், வெடி போடவும் தெரிந்தவர்தான்.

மோட்டார் ரூம் சாவியை மஞ்சுளா கேட்டாள். தொலைந்துவிட்டது என்றார் சென்னியப்பன். காளிதாஸ் ஒரு கல்லை எடுத்துப் பூட்டின்மேல் நான்கு போடு போட்டான். பூட்டு உடையவில்லை, தகரம்தான் பிய்ந்தது.

உள்ளே பழைய மோட்டார். அதிலிருந்து இரும்புக் குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு போய்க் கிணற்றின் வடக்கு மூலையில் இறங்கியது. சரிந்தது மேற்குச் சுவர். குழாய் நெளிந்தாலும் அறுபடாமல் கல் குவியலுக்குள் நின்றது.

காளிதாஸ் குழாயில் காதை வைத்தான். தறியின் இரைச்சல் மட்டும் தொலைவில் கேட்டது. கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்து மூன்று தடவை தட்டினான். காத்திருந்தான். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. மறுபடி மூன்று தட்டினான்.

பதில் இல்லை.

மூன்றாவது தடவை தட்டிவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டான். ரொம்ப நேரம் கழித்து, ஆழத்திலிருந்து, நகத்தால் சுண்டியது போல ஒன்று. பிறகு இன்னொன்று. மூன்றாவது வரவில்லை.

"இருக்காருங்கக்கா," என்றான்.

வாசலில் நின்ற சென்னியப்பன் அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். வெள்ளை வேட்டியில் செம்மண் அப்பியது.

"எனக்குங் கேட்டுதுங்க," என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "திங்கக்கெழமை பொழுதோட இருந்து கேட்டுட்டே இருந்துச்சு. அதுக்குத்தான் பூட்டுப் போட்டேன். பூட்டுனாலும் கேட்டுது. அதுக்குத்தான் சென்றாயனக் கூப்புட்டேன்."

சென்றாயன் இரண்டடி பின்னால் நகர்ந்தார். அன்புச்செல்வி முகத்தை மூடிக்கொண்டாள். மஞ்சுளா மட்டும் சென்னியப்பனையே பார்த்தபடி, தமிழரசு கீழே எங்கே இருப்பார் என்று கேட்டாள். பதில் சொன்னது சென்றாயன். எழுபதாவது அடியில், வடக்கு மூலையில், பக்கவாட்டில் துளைக்கும் சைடு போர் போடுவதற்காக அவரே தன் கையால் வெட்டிய ஒரு சுரங்கம் இருக்கிறது. இரண்டு ஆள் உட்காரலாம். குழாய் அதன் வாயை உரசிக்கொண்டுதான் இறங்குகிறது. போர்த் துளையிலிருந்து எந்தக் கோடையிலும் தண்ணீர் கசியும்.

எழுபதில் அறுபது போனால் பத்து. பத்தடிக் கல்.

ஜீப் வந்தது. தீயணைப்பு வண்டி வந்தது. முதல் வேலையாகச் சென்றாயன் வைத்த மருந்தை அவரே ஒவ்வொன்றாக எடுத்தார். பக்கத்துத் தோட்டத்தில் கிணறு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கிரேனைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். மேலே தொங்கிக்கொண்டிருந்த கற்களைக் கயிறு கட்டி நிறுத்திவிட்டு, மூலையை மட்டும் தோண்டினார்கள். மெஷின் வைக்க முடியாது. அதிர்ந்தால் மேலே இருப்பது வந்துவிடும். கையால் ஒவ்வொரு கல்லாக எடுத்து வாளியில் போட வேண்டும். காளிதாஸும் சென்றாயனும் மாற்றி மாற்றி இறங்கினார்கள். மேலே பிரவீனா குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்புச்செல்வி வளவுக்குப் போய்ச் சொல்லித் தறிகளை நிறுத்த வைத்தாள். ஊரே அடங்கிப்போன அந்த அமைதியில் கல்மேல் கல் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

தோண்டுவதற்கு நடுவே ஒரு தடவை குழாயில் தட்டியதற்குப் பதில் வந்தது. அடுத்த தடவைக்கு வரவில்லை.

ஆறு மணிக்குக் காளிதாஸ் பிடுங்கிய ஒரு கல்லுக்குப் பின்னால் இருட்டு இருந்தது. இருட்டிலிருந்து ஈரக் காற்று வந்தது. டார்ச்சை அடித்தான். முதலில் ஒரு கால் தெரிந்தது, முழங்காலுக்குக் கீழே கல்லில் நசுங்கி. அப்புறம் ஒரு கை, உள்ளங்கைக்குள் ஒரு கருங்கல் துண்டு. விரல்கள் எல்லாம் தோல் உரிந்திருந்தன. அப்புறம் முகம். கண் திறந்திருந்தது. டார்ச் வெளிச்சத்துக்கு இமை மூடியது.

காளிதாஸ் ஈரத்துணியை உதட்டில் வைத்துப் பிழிந்தான். தமிழரசு ஏதோ சொன்னார். கேட்கவில்லை. காதைப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"அண்ணன்," என்றார். "என்ர அண்ணன் மேல ஓரத்துல நின்னுட்டு இருந்தாரு. சைடு போர்ல தண்ணி வருதான்னு என்னைய உள்ள பாக்கச் சொன்னாரு. செவுரு சரிஞ்சுருச்சு. அவரும் கல்லோட வந்திருப்பாருங்க. மூணு நாளா தட்டிட்டே இருக்கறேன், ஒரு பதிலும் வரல. மொதல்ல அவரத் தேடுங்க. நான் தாங்குவேன்."

காளிதாஸ் அந்தக் கல்துண்டை விரல்களிலிருந்து மெதுவாகப் பிரித்து எடுத்தான்.

"உங்கண்ணன் மேலதான் இருக்காருங்க. ஒரு கீறல்கூட இல்ல."

தமிழரசின் முகம் தளர்ந்தது. மூன்று நாளாகப் பிடித்து வைத்திருந்த எதையோ விட்டது போல மூச்சு வெளியே வந்தது. கண்ணோரத்திலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று.

"அது போதுமுங்க," என்றார்.

காளிதாஸ் காலின்மேல் இருந்த கல்லைப் புரட்டிவிட்டு, அவரை வாளியில் உட்கார வைத்து, இடுப்பில் கயிற்றைக் கட்டி, முடிச்சை இரண்டு தடவை சோதித்துவிட்டு, மேலே பார்த்தான். கிணற்று வாய் ஒரு கைக்குட்டை அளவு வெளிச்சமாகத் தெரிந்தது. அதன் ஓரத்தில் மஞ்சுளாவின் தலை. அவளுக்குப் பின்னால் சென்னியப்பனை ஏற்றிய ஜீப்பின் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. கயிற்றை இழுத்துச் சைகை கொடுத்தான். கிரேன் முனகியது. வாளி மெல்ல மேலே ஏறத் தொடங்கியது.